எட்டு மணி ஆராதனை

பாளையங்கோட்டை
6 ஜனவரி 2025

அன்புள்ள வினோலியாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். அங்கே நீயும் கெவினும் சுகமாக இருக்க வேண்டும் என்று நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புது வருடத்தன்று நீ போன் பண்ணினாய். "மைனி" என்றது மட்டும் விழுந்தது, மற்றதெல்லாம் இரைச்சல். காது மிஷினை மாட்டினால் அது என்னைவிட அதிகமாகச் சத்தம் போடுகிறது. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். வாட்ஸ்அப் படிக்கக் கண்ணாடிக்கு மேல் கண்ணாடி வேண்டியிருக்கிறது. ஆகவே இனிமேல் கடிதம்தான். டெல்லி லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் முப்பத்துநாலு வருடம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கே ஒருவரும் எழுதவில்லை என்றால் வெட்கக்கேடு அல்லவா?

எபி போய் நாலு மாதம் ஆகிறது. நான் உனக்கு ஆறுதல் சொல்லப் போவதில்லை. எனக்குத் தம்பி, உனக்குப் புருஷன். நாம் இரண்டு பேரும் மாறி மாறி ஆறுதல் சொல்லிக்கொண்டு என்ன ஆகப்போகிறது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, அன்றைக்கே உட்கார்ந்து எனக்கு எழுது. யார் பிரசங்கம், என்ன வசனம், என்ன பாட்டு, பனி எப்படி, எல்லாம் வேண்டும். இங்கே கோயில் பெரிய கோயில்தான். ஆனால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நம் டெல்லிக் கோயிலில்தான் குடும்பத்தோடு ஒரே பெஞ்சில் உட்காருவோம். வயதான காலத்தில் ஊர் திரும்பியவளுக்கு ஊர் பிடிக்க வேண்டும். எனக்கோ டெல்லி ஞாபகமாகவே இருக்கிறது. என்ன செய்ய?

ஆஸ்பத்திரி வேலையில் உன்னைப் பிழிந்து எடுக்கிறார்களாமே. ஆறு நாள் ஓடு, ஏழாம் நாள் உட்கார். அவ்வளவுதான்.

பிரியமுள்ள மைனி
சுகிர்தம்


கரோல் பாக், புது டெல்லி
19 ஜனவரி 2025, ஞாயிறு

அன்புள்ள மைனிக்கு,

தோத்திரம். நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? குளிர் இல்லாத ஊரில் அது கொஞ்சம் பணிந்திருக்க வேண்டுமே.

கெவின் குர்கானில் நண்பர்களோடு தங்கியிருக்கிறான். சனிக்கிழமை வந்து அழுக்குத் துணியைப் போட்டுவிட்டு இட்லி தின்றுவிட்டுப் போகிறான். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அத்தை எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறதாம், ஆனால் படிக்கத்தான் வரவில்லையாம். தமிழ் டீச்சரின் மருமகன் லட்சணம் இது.

இன்று கோயிலுக்குப் போனேன். நல்ல பனி. எட்டு மணி ஆராதனைக்கு ஏழு மணிக்கே கிளம்பியும், எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. மணிச் சத்தத்தை வைத்துத்தான் வாசலுக்கு வந்து சேர்ந்தேன். சபை ஐயர் காணாமல் போன ஆட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். முதல் பாட்டே அவங்களுக்குப் பிடித்த பாட்டு. முடிந்ததும் வெளியே சாயும் சமோசாவும் இருந்தது. எல்லாரும் உங்களை விசாரித்தார்கள்.

காகிதத்தைப் பார்த்து ஏசாதீர்கள். கையில் அகப்பட்டது இதுதான்.

உங்கள் ஜெபத்தில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வினோலியா


பாளையங்கோட்டை
3 பிப்ரவரி 2025

அன்புள்ள வினோலியாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நான் சுகம். முழங்காலைப் பற்றிப் பேசி அதற்கு மரியாதை கொடுக்காதே.

பனி என்று எழுதினாய் பார், அந்த ஒரு வார்த்தை என்னைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே நிறுத்திவிட்டது. எபி டெல்லிக்கு வந்த முதல் குளிர்காலம். குரங்குத் தொப்பி, இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் என் சால்வை. கோயில் வாசலில் சாய்க்காரனிடம் "பையா, ச்சாய் ஜல்தி" என்பான். அந்த இந்தியைத் திருநெல்வேலி இழுவையில் கேட்டால் கல்லும் சிரிக்கும். அந்தச் சாய்க்காரன் நம் சபையாரோடு பழகிப் பழகி, "இந்தா வாறேன் அண்ணாச்சி" என்று பதில் சொல்லுவான். ஞாபகம் இருக்கிறதா? அப்போது உனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கும்.

நம் சபையிலிருந்து இந்த வருடமும் மறக்காமல் நாட்காட்டி அனுப்பியிருக்கிறார்கள். சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இன்னும் எழுது.

மைனி


கரோல் பாக்
2 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள மைனிக்கு,

தோத்திரம். சுகம். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும்.

இன்று கோயிலில் திருவிருந்து. பிரசங்கம் பொறுமையைப் பற்றி. பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலம் என்பதால் கூட்டம் குறைவு. வேலை கொஞ்சம் அதிகம். எங்கள் வார்டில் ஜெனிஃபர் என்று ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், மார்த்தாண்டத்துப் பிள்ளை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவளுடைய டூட்டி சிலவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன், பாவம்.

வேறு விசேஷம் இல்லை.

வினோலியா


பாளையங்கோட்டை
17 மார்ச் 2025

அன்புள்ள வினோலியாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீ இருக்கிறாயா? பத்து வரியில் கடிதத்தை முடித்துவிட்டாயே, தந்தியா அடித்தாய்?

கோயில் முடிந்து ஐஎன்ஏ மார்க்கெட்டுக்குப் போவோமே, அதை யோசித்துக்கொண்டிருந்தேன். கறிவேப்பிலை, தேங்காய், மீன். மீன்காரனிடம் எபி செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கடல் பார்த்த ஊர்க்காரனிடமே ஏமாற்றுகிறாயா என்று தமிழிலேயே கேட்பான். மீன்காரனுக்குத் தமிழ் தெரியாது, எபி பிறந்த ஊரில் கடலும் கிடையாது. ஆனாலும் நல்ல மீன் கிடைத்துவிடும். மத்தியானம் உன் கையால் குழம்பு. சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடி வெயிலில் மூன்று பேரும் பாயைப் போட்டுக்கொண்டு சும்மா கிடப்போம். ஒருவரும் ஒரு வேலையும் செய்ததில்லை. அந்த மாதிரி ஞாயிறு எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

நீ தூங்குகிறாயா? இதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்.

மைனி


கரோல் பாக்
13 ஏப்ரல் 2025, குருத்தோலை ஞாயிறு

அன்புள்ள மைனிக்கு,

தோத்திரம். தந்தி என்று ஏசியதால் இன்று நிறைய எழுதுகிறேன்.

கோயில் நிறைந்த கூட்டம். குருத்தோலையை முந்தின நாளே ஐஎன்ஏ மார்க்கெட்டிலிருந்து வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். வாசலில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பெரியவர்கள் சிலுவை முடைந்தார்கள், சின்னதுகள் வாள் சண்டை போட்டன. பவனி கோயிலைச் சுற்றி வரும்போது ரோட்டில் போன ஒரு சர்தார்ஜி ஸ்கூட்டரை நிறுத்தி, தலையைக் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனார். வரிசையில் ஒரு குட்டிப் பையன் ஓலையை வேகமாக ஆட்டி ஐயரின் கண்ணாடியைத் தட்டிவிட்டான். ஐயர் ஒரு கையால் தரையைத் தடவிக்கொண்டே ஓசன்னா பாடினார். எல்லாருக்கும் சிரிப்பு. பிரசங்கம் கழுதைக்குட்டியைப் பற்றி. சுமக்கிறது யாரை என்று தெரியாமலே அது சுமந்தது என்றார். வெயில் ஏறுவதற்குள் ஒன்பதரைக்கெல்லாம் முடிந்துவிட்டது.

நான் நன்றாக இருக்கிறேன் மைனி. கவலைப்படாதீர்கள்.

வினோலியா


பாளையங்கோட்டை
5 மே 2025

அன்புள்ள வினோலியாவுக்கு,

சுகம் விசாரிக்கிற வரியை இன்றைக்கு எழுதவில்லை. நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஐயரின் கண்ணாடியைத் தட்டிவிட்ட பையன் கெவின். அப்போது அவனுக்கு ஆறு வயது. அந்தக் கண்ணாடியைக் குனிந்து எடுத்துக் கொடுத்தவள் நான். சர்தார்ஜி வந்ததும் அதே வருடம்தான்.

சபை நாட்காட்டியின் முதல் பக்கத்திலேயே கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். கட்டடம் நமக்குச் சொந்தமில்லை, காலை நேரத்தை அதன் சொந்தக்காரச் சபையாரே கேட்டுவிட்டார்கள். ஆகவே போன டிசம்பர் முதல் தமிழ் ஆராதனை மாலை நாலு மணிக்கு, பக்கத்துக் கூடத்தில். எட்டு மணி ஆராதனையே இப்போது இல்லை, வினோலியா. நீ எந்தப் பனியில் போனாய்? இத்தனை பிரசங்கமும் எங்கே கேட்டாய்? உன் கடிதங்கள் எல்லாம் நாடித்துடிப்பும் காய்ச்சலும் குறிக்கிற ஆஸ்பத்திரித் தாளின் பின்பக்கத்தில் இருக்கின்றன.

ஜனவரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் கேட்கவில்லை என்றால், பேராசை. கேட்டால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். உன் பொய்யை வைத்துக்கொண்டு நான் என் தம்பியோடு உட்கார்ந்திருந்தேன். அது என் தப்பு.

போன வாரம் கெவின் பக்கத்து வீட்டு சுந்தரேஷுக்குப் போன் பண்ணியிருக்கிறான். அவர் அவன் சொன்னதை எனக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ஏழு மாதமாக நீ ஒரு ஞாயிறும் வீட்டில் இல்லையாம். மற்றவர்கள் டூட்டியையெல்லாம் நீயே கேட்டு வாங்குகிறாயாம். இன்னொரு சாவைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. ஏன் இப்படிச் செய்கிறாய்?

சுகிர்தம்


பாளையங்கோட்டை
16 ஜூன் 2025

வினோலியா,

ஆறு வாரம் ஆகிவிட்டது. கோபமென்றால் கோபம் என்று ஒரு வரி எழுதிப் போடு. தபால்காரன் என் வீட்டுப் பக்கம் தலை குனிந்து போகிறான்.

மைனி


கரோல் பாக்
6 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள மைனிக்கு,

கோபமில்லை மைனி. வெட்கம். உங்களிடம் பொய் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

போன அக்டோபரில் ஒரு தரம் போனேன். அன்றைக்கு ஞானஸ்நானம் இருந்ததால் நல்ல கூட்டம். நம் பெஞ்சில் நாலு பேர் உட்காரலாம். நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். மறு ஓரத்திலும் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள், நடுவில் என் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் இடம் காலி. பின்னால் ஜனங்கள் நிற்கிறார்கள். மோதி பாக்கில் இருக்கிற பவுனு அக்கா காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். வாருங்கள் என்று கையைக் காட்டினேன். அருகில் வந்து என் தோளைத் தொட்டு, "அது அண்ணாச்சி எடம்லா. நீங்க இரிங்க மைனி" என்று சொல்லிவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விட்டார்.

மரியாதைக்குத்தான் விட்டார்கள், தெரியும். ஒன்றரை மணி நேரம் அந்த இடத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கர்த்தர்மேல் எனக்குக் கோபம் இல்லை மைனி. அந்த ஒரு ஆள் இடத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு டூட்டி கேட்டு வாங்கினேன். அதற்கு அடுத்ததும். வார்டில் ஓடிக்கொண்டே இருந்தால் ஒன்றும் தெரியவில்லை. படுத்தால்தான் தெரிகிறது. அதனால் படுக்கவும் இல்லை. எப்போதாவது கண் அசந்தால் அரைமணியில் விழித்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் மட்டும் அந்தக் கோயில் அப்படியே வந்தது. பனி, பாட்டு, சாய், எல்லாரும். அதில் அவங்களும் இருந்தாங்க. அவங்களை மட்டும் எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான்.

இன்றைக்கு ஏன் உண்மையை எழுதுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை பன்னிரண்டாம் கட்டில் நோயாளிக்குப் போட வேண்டிய ஊசியை எடுத்துக்கொண்டு பதிமூன்றாம் கட்டிலில் நின்றேன். ஸ்பிரிட் பஞ்சால் தோலைத் துடைத்தும் விட்டேன். ஜெனிஃபர் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "சிஸ்டர், இது இவருக்குள்ளது இல்ல" என்றாள், மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காமல். இருபத்தெட்டு வருட சர்வீஸ் மைனி. மருந்து அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். ஜெபம் பண்ணலாம் என்று பார்த்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை.

வினோலியா


பாளையங்கோட்டை
21 ஜூலை 2025

என் வினோலியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அடக்கம் முடிந்து பத்தாம் நாள் நான் ரயில் ஏறிவிட்டேன். காது கேட்காத கிழவி, உனக்குப் பாரமாக ஏன் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது முழுப்பொய். எபி இல்லாத டெல்லியை என்னால் பார்க்க முடியவில்லை, அதனால் ஓடி வந்தேன். அந்த அக்டோபர் ஞாயிறு உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான். பவுனுவை ஒன்றும் சொல்லாதே.

இன்னொன்று. இங்கே வாராவாரம் கோயிலுக்குப் போகிறேன். ஐயர் வாயசைப்பது தெரிகிறது, ஒரு சொல் கேட்பதில்லை. எல்லாரும் எழுந்தால் எழுகிறேன், உட்கார்ந்தால் உட்காருகிறேன். முதல் சில மாதம் அழுகையாக வந்தது. இப்போது அப்படி இல்லை. அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னை ஒன்றும் கேட்கப் போவதில்லை, நானும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஜெபம்கூட வார்த்தையாக வருவதில்லை. சும்மா அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். திரும்பி வரும்போது முழங்கால்கூட லேசாக இருக்கிறது. உனக்கு வார்த்தை வரவில்லை என்றால் விட்டுவிடு. அவருக்கு நம் வார்த்தை ஒன்றும் அவசியமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் உன்னிடம் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எனக்காகக் கோயிலுக்குப் போகாதே. ஞாயிறு எழுதவும் வேண்டாம். ஜெனிஃபரின் டூட்டியை அவளிடமே கொடுத்துவிடு. வீட்டில் சும்மா இரு, தூக்கம் வராவிட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிட. அது போதும்.

உன்னை முத்தமிடுகிற
சுகிர்தம்


கரோல் பாக்
7 செப்டம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள மைனிக்கு,

தோத்திரம். சுகம் என்று இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதுகிறேன். சுகம்தான்.

உங்கள் கடிதம் வந்த பிறகு ஞாயிறு டூட்டியை விட்டுவிட்டேன். ஜெனிஃபர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஐந்து ஞாயிறும் வீட்டில் இருந்தேன். கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை மைனி, ஒரு பல்லி இருக்கிறது. தூக்கம் மட்டும் வரவில்லை.

இன்று மூன்று மணிக்கு ஏதோ தோன்றி மெட்ரோ ஏறினேன். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை. நேற்று இரவு டூட்டி முடித்து வந்த உடம்பு, கண் எரிந்துகொண்டிருந்தது. கூடம் ஒரு கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. பெஞ்சே கிடையாது, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைசி வரிசையில், ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பாட்டுக்கு எழுந்து நின்றேன். பாடி முடித்து உட்கார்ந்தோம். ஐயர் ஜெபிக்கலாம் என்றார். கண்ணை மூடினேன்.

மைனி, கண்ணைத் திறந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வேதபாடம் எது, காணிக்கை எடுத்தார்களா, யார் வந்தார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. பிரசங்கத்தில் ஒரு சொல் கேட்கவில்லை. பாதி எழுதி இதை மறைத்துவிடலாம் என்று நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டேன். ஒன்றரை மணி நேரம் ஒரே தூக்கம். ஒரு வருடமாக நான் அப்படித் தூங்கியதில்லை.

தலை எதன்மேலோ சாய்ந்திருந்தது. பார்த்தால் ஒரு அம்மாவின் தோள். நான் முன்பின் பார்த்ததில்லை. பெயர் செங்கம்மாள், விழுப்புரம் பக்கம், ராஜேந்திர நகரில் மூன்று வீட்டில் வேலை செய்கிறார். சபைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. யாருடைய இடம் எது என்று அவருக்குத் தெரியாது. காலி நாற்காலி இருந்தது, வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் சேலையில் என் எச்சில் ஈரம் தெரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன்.

"ஐயரு எல்லாரையும் எந்திரிக்கச் சொல்லும்போதெல்லாம் பயந்துகினே இருந்தேன்மா. நான் எந்திரிச்சா நீங்க விழுந்துருவீங்களே. அதான் ஆசீர்வாதத்துக்குக்கூட எந்திரிக்கல. சாமி ஒண்ணும் சொல்லாது" என்றார்.

மைனி, ஊரெல்லாம் எழுந்து நிற்க, அந்த அம்மா ஒருத்தி மட்டும் கடைசி வரிசையில் எனக்காக உட்கார்ந்தே இருந்திருக்கிறார். அங்கேயே அழுதுவிட்டேன். அவர் முந்தானையால் தோளைத் துடைத்துக்கொண்டே, அடுத்த வாரமும் வருவீர்களா, பக்கத்தில் இடம் பிடித்து வைக்கட்டுமா என்று கேட்டார்.

பிடித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உங்கள்
வினோலியா